போல்ட்டில் வேறு எண்

பைத் ஹிம்யான்
12 அக்டோபர் 1986

என் மூத்த மகள் நூரிய்யாவுக்கு வாப்பா முக்பில் சொல்லச் சொல்ல, எகிப்து வாத்தியார் ஸுப்ஹி எழுதறது.

ஸலாம். உம்மா சுகம், தங்கச்சிங்க சுகம், பசு சுகம். நான் சுகமில்ல. ஏன்னு சொல்றேன், கேளு.

மேட்டு ஓடையில ஆயித் கல்லு அடுக்கி அணை போட்டுட்டான். இந்த மழைத் தண்ணி முழுக்க அவன் வயலுக்குப் போச்சு. நம்ம நாலு வயல்லயும் சோளம் முழங்கால் உயரத்தோட நின்னுபோச்சு. ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, "தண்ணிக்கு என்னைப் பிடிச்சிருக்கு, நான் என்ன பண்ண?"ங்கறான்.

வழக்கு ஷெய்க் ஹிஸாம்கிட்ட போயிருக்கு. வழக்கம்போல ரெண்டு பக்கமும் துப்பாக்கிய ஈடா வைக்கச் சொன்னார். தீர்ப்ப மீறினவன் துப்பாக்கி போச்சு. ரெண்டும் சம மதிப்பா இருக்கணும், அதான் முறை. ஆயித் அவங்க வீட்டு ஜர்மல் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தான். நம்மளது மாதிரியே துருக்கிக்காரன் விட்டுட்டுப் போனதுதான். ஆனா கட்டை பூரா வெள்ளிப் பூண் போட்டு வச்சிருக்கான். கூடவே ஒரு காகிதம். சந்தை வியாபாரி எவனோ எழுதினது: எல்லாம் அசல், பன்னிரண்டாயிரம் ரியால். நம்ம ஜர்மலைப் பார்த்துட்டு, "இது துப்பாக்கியா, ஆடு ஓட்டற கம்பா?"ன்னு சபையில கேட்டான். சிரிச்சானுங்க எல்லாரும்.

ஷெய்க் சொல்லிட்டார்: "முக்பில், நீயும் மதிப்பு எழுதின காகிதம் கொண்டா. இல்லேன்னா கீழ் வயல ஈடா எழுதிக் குடு. ரெண்டும் முடியாதுன்னா உனக்கு வழக்கே இல்ல." ரபீஉல் அவ்வல் மாசம் பிறந்து முதல் வியாழன் வரைக்கும் தவணை. கீழ் வயல எழுதிக் குடுத்தா அது திரும்பி வருமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

நீ அருங்காட்சியகத்துல பழைய சாமானுக்கெல்லாம் நம்பர் போட்டு எழுதறவ. அந்தக் காகிதத்துல, அந்த முத்திரையோட, பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாம எழுதி அனுப்பு. துப்பாக்கிய மெத்தைக்குள்ள சுருட்டி டிரைவர் மஹ்யூப்கிட்ட குடுத்திருக்கேன். செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டு மூணு நாள் தேச்சேன். உன் மூஞ்சி தெரியும் அதுல.

வாப்பா,
முக்பில் (கைநாட்டு)

(ஓரத்தில்: அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஆயித்தைப் பற்றிய வசவுகளை மட்டும் விட்டுவிட்டேன். அவற்றுக்கு இன்னொரு தாள் வேண்டும். — ஸுப்ஹி)


ஸன்ஆ
21 அக்டோபர் 1986

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் தகிய்யா சாச்சியும் நலம். மெத்தை வந்து சேர்ந்தது. அதைப் பிரித்ததும் சாச்சி, "என் அக்கா பஞ்சு அனுப்பியிருக்கான்னு பார்த்தா இரும்ப அனுப்பியிருக்கா" என்று ஒரு மணி நேரம் புலம்பினாள். இப்போது துப்பாக்கி அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. உறக்கம் வரவில்லை என்கிறாள். குறட்டை மட்டும் கேட்கிறது.

சோளத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. அதனால் மறுநாளே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் எங்கள் மேலாளர் அப்துல்பாரியிடம் காட்டினேன். ஆயுத அறைக்குப் பொறுப்பு அவர்தான். அவர் சொன்ன குறிப்புகளை எழுதிக்கொண்டு, சாச்சியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பழைய கடைவீதிக்குப் போனேன். ஹாஜி முதஹ்ஹர் என்று ஒருவர், நாற்பது வருடமாகத் துப்பாக்கி விற்கிறவர். கடையில் ஏழெட்டு ஆண்கள் கன்னத்தில் காத் இலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாச்சி முந்திக்கொண்டாள்.

"ஹாஜி, நாங்க வாங்கவும் வரல, விக்கவும் வரல. விலை கேட்க வந்தோம்."

"அப்போ தேத்தண்ணிக் காசு நீதாம்மா குடுக்கணும்" என்றார். ஆனாலும் வாங்கிப் பார்த்தார்.

குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டை உருவினார். பின்பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, வெளிச்சம் பட, குழலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். "உள்ள வெட்டின வரியெல்லாம் தெளிவா இருக்கு. உங்க வாப்பா அதிகமா சுட மாட்டாரோ?" என்றார். "கல்யாணத்துக்கு மட்டும்" என்றேன். கட்டை அசல், அறுக்கவோ சுருக்கவோ இல்லை என்றார். பிறகு குழலுக்குப் பின்னால் இருக்கும் இரும்பின் மேல் விரலை வைத்தார்.

"இங்க சுல்தான் முத்திரை இருக்கணும். யார் இத இப்படித் தேச்சது?"

"வாப்பா."

"அவருக்கு வேற வேலை குடும்மா. கழுதையத் தேய்க்கச் சொல்லு."

கோபிக்காதீர்கள் வாப்பா. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். நீங்களும் வாத்தியாரை அப்படித்தான் எழுதச் சொல்கிறீர்கள். பழைய துப்பாக்கியில் பளபளப்புக்கு விலை இல்லையாம். கறுத்த இரும்புக்கும் தெளிவான முத்திரைக்கும்தான் விலையாம். குழலுக்குக் கீழே செருகியிருக்க வேண்டிய துடைக்கும் கம்பியும் இல்லை என்றார். உம்மா தந்தூர் அடுப்பைக் கிளறும் கம்பி அதுதான் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. அதை மஹ்யூப்பிடம் கொடுத்து அனுப்புங்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். அருங்காட்சியகத்தில் என் வேலையே எண்களைப் பார்ப்பதுதான். அதனால் அவர் விலை சொல்வதற்கு முன்பே நான் கவனித்துவிட்டேன். குழலில் 61420. குழல் பொருந்தியிருக்கும் இரும்பிலும் 61420. கட்டையின் அடிப்பக்கத்திலும் அதேதான். நம் அரபு எழுத்து எண்களிலேயே பொறித்திருக்கிறார்கள். போல்ட்டில் மட்டும் 58093.

வாப்பா, அந்தப் போல்ட் நம் துப்பாக்கியினுடையது இல்லை. அதன் கைப்பிடி உருண்டைகூட வேறு விதமாகத் தேய்ந்திருக்கிறது.

எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால், இத்தனை தேய்த்த பிறகும் பதினோராயிரம் போகும் என்றார் ஹாஜி. இப்போது ஏழாயிரம். மேலாளரும் ஏழாயிரம்தான் சொன்னார். ஹாஜி இன்னொன்றும் சொன்னார்: "முன்னூறு ரியால் குடு. போல்ட் நம்பரைத் தேச்சுட்டுப் புதுசா அடிச்சுத் தரேன். நான் அடிக்கற நம்பர் துருக்கிக்காரன் அடிச்சதவிட அழகா இருக்கும்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

இந்தப் போல்ட் எப்போதாவது நம் வீட்டை விட்டு வெளியே போனதா? யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
நூரிய்யா


பைத் ஹிம்யான்
26 அக்டோபர் 1986

ஸன்ஆவில் இருக்கும் நூரிய்யா முக்பிலுக்கு,

வேண்டாம்னு சொன்னியா? யாரைக் கேட்டுச் சொன்ன? முன்னூறு ரியால் நான் அனுப்பறேன். அடிக்கச் சொல்லு. இல்லேன்னா போல்ட் பத்தி எழுதாம விடு. நம்பரை எவன் பார்க்கப் போறான்? இந்த மலையில நம்பர் படிக்கத் தெரிஞ்சவன் இந்த எகிப்துக்காரன் ஒருத்தன். அவன் வாயை நான் நெய் குடுத்து மூடிக்கறேன். (எழுதுங்க வாத்தியாரே, அதையும் எழுதுங்க.)

போல்ட் வெளியே போச்சான்னு கேக்கற. ஒரு தடவ போச்சு. இமாம் ஆட்சி பண்ணின காலத்துல, உன் உம்மாவை நான் கட்டறதுக்கு முந்தி. இதே ஓடை, இதே தண்ணி. அப்போ என் வாப்பாவும் ஆயித்தோட வாப்பாவும். பழைய ஷெய்க்கிட்ட ரெண்டு பேரும் துப்பாக்கிய ஈடா வச்சாங்க. எவனும் கோபத்துல எடுத்துச் சுட்டுடக் கூடாதுன்னு அவர் போல்ட்ட உருவித் தனியா ஒரு தோல் பையில வச்சிருப்பார். எட்டு மாசம் கழிச்சுத் தீர்ப்பு ஆனதும் திருப்பிக் குடுத்தார். போட்டோம், உள்ள போச்சு, சுட்டோம், சுட்டுச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?

நீ அஞ்சு வயசுல இருந்து பள்ளிக்கூடம் போன. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சானுங்க. உன்னைக் கழுதை மேல உட்கார வச்சு ரெண்டு மலை தாண்டிக் கொண்டுபோய் விட்டது யாரு? ஸன்ஆவுக்கு அனுப்பினது யாரு? அந்தப் படிப்புக்கு நான் கேக்கற கூலி ஒரே ஒரு காகிதம். ஒரே ஒரு நம்பர்.

கம்பிய அனுப்பியிருக்கேன். உன் உம்மா ரெண்டு நாளா என்கூடப் பேசல. கையைச் சுட்டுக்கிட்டா.

பன்னிரண்டாயிரம். மறக்காத.

முக்பில் (கைநாட்டு)


ஸன்ஆ
30 அக்டோபர் 1986

அன்புள்ள வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சாச்சிக்கு ஒரு முறை படித்துக் காட்டினேன். "உங்க வாப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றாள். இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

துப்பாக்கியை மஹ்யூப்பிடம் திருப்பி அனுப்புகிறேன். கம்பியைச் செருகியிருக்கிறேன். கூடவே முத்திரையுடன் காகிதம் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: குழல் நன்று. கட்டை அசல். முத்திரை தேய்ந்தது. கம்பி உண்டு. குழல் எண் 61420, போல்ட் எண் 58093, இரண்டும் வேறு துப்பாக்கிகளைச் சேர்ந்தவை. மதிப்பு ஏழாயிரத்து இருநூறு ரியால். அந்த இருநூறு உம்மாவின் கம்பிக்கு. கீழே மேலாளர் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு மண் கிண்ணத்தை 'முழுமையானது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். அதன் அடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. சந்தேகம் இருந்தது, யாரிடமாவது கேட்க வெட்கப்பட்டேன். மேலாளர் திட்டவில்லை. அந்த வரியை அடித்துவிட்டுச் சரியாக எழுதி, பக்கத்திலேயே என் பெயரையும் எழுதச் சொன்னார். அந்தப் பக்கம் கண்ணில் படும்போதெல்லாம் இன்றும் முகம் சூடாகிறது. தெரியாமல் செய்ததற்கே இப்படி என்றால், தெரிந்தே செய்துவிட்டு அந்த மேசையில் நான் எப்படி உட்காருவேன்?

கூலி கேட்கிறீர்கள். கொடுக்கிறேன் வாப்பா. ஆனால் எதற்காக என்னைப் படிக்க வைத்தீர்கள் என்று நீங்கள் மறந்துவிட்டீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலில் என்னைக் கழுதையிலிருந்து இறக்கிவிட்டபோது ஒருவர், "பொண்ணு படிச்சு என்ன பண்ணப் போகுது முக்பில்?" என்று கேட்டார். நீங்கள் சொன்னீர்கள்: "மேல் வயல் பத்திரத்த எனக்கு ஒருத்தன் பொய்யாப் படிச்சுக் காட்டினான், வயல் போச்சு. எனக்கு உள்ளதை உள்ளபடி படிச்சுக் காட்ட வீட்ல ஒரு ஆள் வேணும்."

அந்த ஆள் நான்தான். படித்துவிட்டேன். அதில் 58093 என்று இருக்கிறது.

ஒன்று மட்டும் யோசியுங்கள். அந்தத் தோல் பையில் இருந்தவை இரண்டே போல்ட்கள். நம்மிடம் இருப்பது நம்முடையது இல்லை என்றால், நம்முடையது எங்கே இருக்கும்? ஆயித்தின் துப்பாக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆனால் நம் காகிதம் உண்மையாக இருந்தால்தான் அவரைக் கேட்க உங்களுக்கு வாய் வரும்.

காகிதத்தை ஷெய்க்கிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அதில் ஒரு எண்ணும் மாறாது.

உங்கள் மகள்,
நூரிய்யா


ஸன்ஆ
5 நவம்பர் 1986, புதன்

அன்புள்ள வாப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பிறகு மஹ்யூப் இரண்டு தடவை வந்துவிட்டார். இரண்டு தடவையும் நான் தெருமுனைவரை போய் நின்றேன். முதல் தடவை, "கடுதாசி எதுவும் இல்லம்மா" என்றார். இரண்டாம் தடவை நான் கேட்பதற்கு முன்பே இரண்டு மாதுளை கொடுத்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது போல.

நாளை வியாழக்கிழமை. இந்தக் கடிதம் வரும்போது சபை முடிந்திருக்கும். கீழ் வயல் நம்மிடம் இருக்குமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால், என்னால்தான் போயிற்று என்று நீங்கள் ஊரில் சொல்லிக்கொள்ளலாம். நான் மறுக்க மாட்டேன். என் சம்பளத்தில் அதை மீட்க எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நீண்ட காலம் ஆகும். ஆனால் செய்வேன்.

காகிதத்தை மாற்றி எழுதிக்கொடுத்திருக்கலாமே என்று மட்டும் கேட்காதீர்கள். சாச்சி தினமும் கேட்கிறாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

உம்மாவின் கை எப்படி இருக்கிறது? அடுப்புக்கு இங்கிருந்து ஒரு நல்ல கம்பி வாங்கி அனுப்பியிருக்கிறேன், மரப்பிடி போட்டது.

பதில் எழுதாவிட்டாலும் எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள்,
நூரிய்யா


பைத் ஹிம்யான்
13 நவம்பர் 1986

நூரிய்யா, வாப்பா பேசறேன்.

இத்தனை நாள் ஏன் எழுதலேன்னா, அறுப்பு வேலைன்னு போடச் சொன்னேன். வாத்தியார் என் மூஞ்சியப் பார்த்தார். அறுக்கறதுக்கு ஏது சோளம்? சரி, கோபம்னே எழுதுங்கன்னுட்டேன்.

நடந்ததைச் சொல்றேன். உன் காகிதத்தை வாத்தியார் படிச்சுக் காட்டினதும் நான் நேரா சந்தைக்குப் போனேன். ஆயித்துக்கு எழுதிக் குடுத்தானே, அதே வியாபாரிகிட்ட. இருநூறு ரியால் வாங்கிட்டு எழுதிக் குடுத்தான்: எல்லாம் அசல், பன்னிரண்டாயிரம். துப்பாக்கிய நான் மெத்தையில இருந்து வெளிய எடுக்கக்கூட இல்ல. அவன் கேக்கவும் இல்ல. திரும்பி வரும்போது வழியெல்லாம் அதுவே மண்டையக் குடைஞ்சுது.

வியாழக்கிழமை அசர் தொழுதுட்டு சபைக்குப் போனேன். இடுப்புக் கச்சையில ஜம்பிய்யாக் கத்திக்கு வலது பக்கம் அவன் காகிதம், இடது பக்கம் உன் காகிதம். எதை எடுக்கறதுன்னு உள்ள போய் உட்கார்ற வரைக்கும் எனக்கே தெரியல. வலது பக்கம்தான் கை போச்சு. பொய் சொல்லல.

அப்போ ஆயித் வாயைத் திறந்தான். "முக்பில் ஏன் கவலப்படணும்? ஸன்ஆவுல மவள வச்சிருக்கான். வாப்பா கேட்டா மவ எழுதமாட்டாளா? இருபதாயிரம்னாலும் எழுதுவா. பொட்டச்சி கையில பேனா, அவளுக்கு என்ன, மை அரசாங்கத்தோடது."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. வலது பக்கத்துல இருந்து கைய எடுத்தேன். இடது பக்கத்துக் காகிதத்த உருவி வாத்தியார்கிட்ட குடுத்தேன். "படிங்க. கேட்டா எழுதிக் குடுக்கற மவளான்னு இவனுங்க கேக்கட்டும்"னேன்.

வாத்தியார் படிச்சார். முத்திரை தேய்ந்ததுன்னு படிக்கும்போது எனக்கு உடம்பு கூசிச்சு. போல்ட் வேற, ஏழாயிரத்து இருநூறுன்னதும் ஒருத்தனும் சிரிக்கல. ஷெய்க் வாயில இருந்த காத் இலையத் துப்பிட்டு, "சொந்த வாப்பாவுக்கா இப்படி எழுதினா?"ன்னு கேட்டார். "ஆமா, அவளுக்குப் பொய்யாப் படிக்கத் தெரியாது"ன்னேன்.

அப்புறம் நீ சொன்னதக் கேட்டேன். "அன்னைக்குப் பையில ரெண்டு போல்ட்தான் இருந்துச்சு. ஆயித் அவனோடதைத் திறந்து காட்டட்டும்." ஆயித் குதிச்சான். "என் துப்பாக்கியச் சந்தேகப்படறியா? என்கிட்ட காகிதம் இருக்கு!" நான் வலது பக்கத்துக் காகிதத்த எடுத்து ஷெய்க் முன்னாடி போட்டேன். "எனக்கும் இருக்கு. அதே ஆளு, அதே பன்னிரண்டாயிரம். நான் துப்பாக்கிய அவன்கிட்ட காட்டக்கூட இல்ல." வாத்தியார் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சார். ஒரு எழுத்து மாறல. பேரு மட்டும்தான் வேற.

ஷெய்க் தன் கையாலயே ஆயித்தோட போல்ட்ட உருவினார். வாத்தியார் ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் படிச்சார். குழல்ல 58093. போல்ட்டுல 61420.

நூரிய்யா, நம்ம போல்ட்ட அவன் இருபத்தாறு வருஷமா வச்சிருந்திருக்கான்! போன வருஷம் அவன் மவன் கல்யாணத்துல வானத்தப் பார்த்துச் சுட்டுச்சு அவன் ஜர்மல். அந்தச் சத்தத்துல பாதி நம்மளது.

ஆயித் வெள்ளிப் பூணக் காட்டினான். "வெள்ளி சுடாது"ன்னுட்டார் ஷெய்க். ரெண்டும் சமம், ரெண்டையும் ஈடா ஏத்துக்கிட்டேன்னு எழுத வச்சார். இப்பவே போல்ட்ட மாத்திக்கலாம்னு நான் சொன்னேன். "தீர்ப்பு ஆகட்டும். அதுவரைக்கும் உன் போல்ட் அவன் துப்பாக்கியில, அவனோடது உன் துப்பாக்கியில. அப்போதான் ரெண்டு பேரும் ஒழுங்கா நடப்பீங்க"ன்னார்.

தண்ணி வழக்கு இன்னும் முடியல. அடுத்த மாசம் ஓடையப் பார்க்க வர்றாங்க. ஜெயிப்பேனா தெரியாது. ஆனா வழக்கு இருக்கு, கீழ் வயல் நம்மகிட்ட இருக்கு. சந்தைக்காரன் காகிதத்தால உன் உம்மா அடுப்பப் பத்த வச்சா. உன் மரப்பிடிக் கம்பியக் கையில வச்சுக்கிட்டு, "இது துப்பாக்கிக்குப் போகாதுல்ல?"ன்னு தினம் என்னைக் கேக்கறா.

இன்னொரு சேதி. நேத்து ஏதோ பள்ளிவாசல் விஷயமாப் பேசற மாதிரி ஆயித் பக்கத்துல வந்தான்.

"முக்பில், உன் மவ என் துப்பாக்கிக்கும் மதிப்பு எழுதுவாளா?"

"ஏன், உன்கிட்டதான் பன்னிரண்டாயிரத்துக்குக் காகிதம் இருக்கே?"

"அத எவன் நம்புவான்?"னான்.

தீர்ப்பு ஆனதும் மஹ்யூப் வண்டியில அவனோடதும் வரும். தேத்தண்ணிக் காசு அவன்கிட்ட வாங்கிக்க. வெள்ளியப் பார்த்து மயங்கிடாத. அவன் கட்டையில ஒரு விரிசல் இருக்கு, பூணுக்கு அடியில மறைச்சு வச்சிருக்கான், அதையும் பாரு. கொஞ்சம் கம்மியா எழுதுன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வருது. சொல்லல. சொன்னாலும் நீ எழுதமாட்ட.

உன் வாப்பா,
முக்பில் (கைநாட்டு)